காக்ஸ் டவுனில் தூங்குமூஞ்சி மரங்கள் தேர்தலில் நின்ற கதை

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மே மாதம். கருநாடகச் சட்டமன்றத் தேர்தலின் வெப்பம் உச்சத்தில் இருந்தபோது, பெங்களூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் ஸ்டெல்லா. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர், இயற்பியல் ஆசிரியை. முன்பொருமுறை அவ்வூரில் நான் பேசிய பட்டிமன்றத்தைக் கேட்டவர். பசுமையே கொள்கை என்று நிற்கும் ஒரு சிறு கட்சியின் வேட்பாளராக அவர் களமிறங்கியிருந்தார். கட்சியின் பெயரைச் சொன்னாலும் உங்களில் எவருக்கும் தெரிந்திராது. அவர் தெருவை அகலப்படுத்த மாநகராட்சி திட்டமிட்டிருந்தது. இருபுறமும் நிற்கும் பழைய மரங்கள் அனைத்திற்கும் வெட்டுவதற்கான எண்ணைச் சாயத்தில் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு மாலை வந்து பேசுங்கள் என்றார். போனேன்.

சென்னை நடுவண் நிலையத்தில் காலை ஏழேகாலுக்குப் புறப்படும் தொடர்வண்டி உங்களுக்கு உகந்தது. இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. தொலைவு ஏறத்தாழ முந்நூற்று அறுபது கிலோமீட்டர். சோலையார்பேட்டை வரை வெயில் நம்மை வறுத்தெடுக்கும். குப்பம் தாண்டியதும் காற்றின் குணமே மாறுகிறது. சன்னலோர இருக்கையின் பயன் அங்கேதான் தெரியும். கடைசி நிலையம் வரை போக வேண்டாம். கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினால் காக்ஸ் டவுன் மூன்றே கிலோமீட்டர்.

தானி என்றெழுதவே என் கை விரும்புகிறது. அந்த ஊரில் அப்படிக் கேட்டால் எந்த வண்டியும் வராது என்பதால் ஆட்டோ என்றே எழுதுகிறேன். ஸ்டெல்லா அனுப்பிய ஆட்டோவின் ஓட்டுநர் முனிரத்னம், ஐம்பது வயதிருக்கும். எந்தக் கட்சிக்குப் பேச வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஓ, ரோடு ரோலர் கட்சியா? ரோட்ட அகலப்படுத்தாதன்னு சொல்ற டீச்சருக்கு ரோடு ரோலர் சின்னம். எப்படி வந்து மாட்டிச்சு பாருங்க சார்."

ஏற்பு பெறாத கட்சிகள் தேர்தல் ஆணையம் தரும் சின்னப் பட்டியலில் மிஞ்சியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்ட சின்னங்களை வேறு வேட்பாளர்கள் கொண்டுபோய்விட, இவருக்குச் சாலை உருளை வாய்த்திருக்கிறது. முனிரத்னமோ பழைய சட்டமன்ற உறுப்பினரின் கட்சிக்காரர்; வாக்குச்சாவடி முகவரும்கூட. பிறகேன் எனக்கு வண்டி ஓட்டுகிறீர்கள் என்றேன். "எங்க பொண்ணுக்குப் பாடம் எடுத்தவங்க சார் அவங்க. கட்சி வேற, சவாரி வேற," என்றார். மீட்டர் இருபத்தைந்து ரூபாய் காட்டியது. அதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது, சொல்லையே தொழிலாகக் கொண்ட நான் சொல்லிழந்தேன். தூங்குமூஞ்சி மரங்கள்! நம்மூரிலும் உண்டு, நிமிர்ந்து பார்க்காமல் கடந்திருப்போம். இங்கே இருபது மரங்களுக்கு மேல் இரு வரிசையாக எழுந்து, தெருவுக்கு மேலே கிளை கோத்து, வானத்தை முற்றாக மறைத்து நிற்கின்றன. ஓர் அடிமரத்தை மூவர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். கிளைகளின் மேல் பெரணிகள் வளர்ந்து தனியொரு காடாகத் தழைத்திருந்தன. மே மாதத்து இளஞ்சிவப்புப் பூக்கள் தார்ச்சாலையின் மேல் பஞ்சுபோல் உதிர்ந்து கிடந்தன. உச்சிவேளையில் அத்தெரு ஒரு கோயில் மண்டபத்தின் குளிர்ச்சியோடு இருந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஒலியெழுப்பியபின்தான் நடந்தேன்.

ஸ்டெல்லாவின் வீடு அத்தெருவிலேயே, தாழ்ந்த சுற்றுச்சுவருக்குள் ஓட்டுக்கூரையோடு இருந்தது. சாப்பாடு பரிமாறிக்கொண்டே கட்டுப்பாடுகளைச் சொன்னார். அவர்கள் கட்சியில் ஒலிபெருக்கி கிடையாது, இரைச்சலும் மாசுதானாம். பதாகை கிடையாது. மரத்தில் ஆணியோ கயிறோ கூடாது. மாலை, துண்டு, வெடி எதுவும் இல்லை. இரு மாநிலத்துக்கும் ஆற்றுநீர்ப் பேச்சு சூடாக இருந்த நேரம் அது. அதையும் தமிழ்ப் பெருமையையும் தொடக்கூடாது. நாற்பதாண்டு மேடையில் நான் தூக்கிய படைக்கலம் அத்தனையையும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டார். பிறகெதற்கு என்னை அழைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்கற குரல், எனக்குத் தெரிஞ்சு உங்களுது ஒண்ணுதான் சார்," என்றார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

பிற்பகல் மூன்று மணியளவில் வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கி வந்தவர் பழைய உறுப்பினர். கூட வந்த இருவரையும் வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். மரங்களுக்கு எண் எழுதிய திட்டம் அவர் காலத்தில்தான் ஒப்புதல் பெற்றது. இப்போது அவரை எதிர்த்து நிற்பவர் மற்றொரு பெருங்கட்சியின் அடுக்குமாடி முதலாளி. இருவருக்கும் இடையே மயிரிழைப் போட்டி. நலம் கேட்டார், நீர் பருகினார், பிறகு நேராகவே பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க ஜெயிக்கப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும். ஆனா என்னத் தோக்கடிச்சிருவீங்க. நான் தோத்தா வர்றவன் யாரு? மரத்த மட்டுமா வெட்டுவான்?"

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்துவிட்டது. மாலைக் கூட்டத்தில் ஸ்டெல்லா தமக்கு ஆதரவாக ஒதுங்கிக்கொள்வதாக அறிவித்தால் போதும்; மரங்களில் ஒரு கிளையைக்கூடத் தொடவிடமாட்டேன் என்றார். அறையில் நான் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். ஸ்டெல்லா தேர்தலில் நின்றதே அந்த மரங்களுக்காக. கேட்டது இதோ கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. விலையாக அவர் தன்னைத் தேர்தலிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும்.

"இங்க சொன்னத மரத்தடியில வந்து சொல்லுங்க சார்," என்றார் இறுதியில். "நான் ஒதுங்கறதா வேணாமான்னு அங்க இருக்கறவங்க சொல்லட்டும்."

மாலை ஆறு மணி. கூட்டம் நூற்றைம்பது பேர் இருக்கலாம். ஆசிரியர்கள், அலுவலகம் முடிந்து வந்தவர்கள், தேவாலயத்திலிருந்து வந்த பெண்கள், பிரேசர் டவுனிலிருந்து நடந்து வந்த சில முசுலிம் குடும்பங்கள், ஆட்டோ நிறுத்தத்துத் தோழர்கள். ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான இடிமுழக்கத்தோடு தொடங்கினேன். இரண்டே வரியில் தெரிந்துவிட்டது, அங்கே அது தேவைப்படவில்லை. குரல் இலைக்கூரையில் மோதித் திரும்பி எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. தாழ்த்தினேன், அப்போதும் கேட்டது. எதிரே இருப்பவரிடம் பேசும் குரலில் பேசினேன். இந்த மரங்கள் நிற்கும் இடத்தை அகலம் என்று அளப்பவர்கள், இவை தரும் குளிரை எதனால் அளப்பார்கள் என்று கேட்டேன். கைத்தட்டல் எழவில்லை, எல்லோரும் தலைக்கு மேலே பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் பெற்ற மிகப்பெரிய மறுமொழி அதுதான்.

அப்போது அது நிகழ்ந்தது. ஒளி குறையக் குறைய இலைகள் இணையிணையாக மூடிக்கொள்ளத் தொடங்கின. சற்று முன்வரை அடைத்திருந்த கூரை மெல்லக் கலைந்து, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வானம் திறந்தது. நாள்தோறும் நடப்பதுதான், அத்தெருவாசிகளுக்குப் பழகிப்போனது. நானோ அன்றுதான் பார்த்தேன். பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டெல்லா அழைத்தபடி பழைய உறுப்பினர் வந்தார். ஒலிவாங்கியைத் தேடிய கை வெறுங்காற்றைத் துழாவிவிட்டுத் தாழ்ந்தது. கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, மரங்களைக் காப்பேன் என்று உறுதி கொடுத்தார். பிறகு ஸ்டெல்லா முன்வந்து, அவர் கேட்டதை ஒளிக்காமல் சொல்லி, நான் ஒதுங்கட்டுமா என்று கேட்டார். தம் தலைவர் நிற்கிறாரே என்றுகூடப் பாராமல் முதலில் பேசியவர் முனிரத்னம்தான்.

"டீச்சர், நீங்க நிக்கறதாலதான அண்ணன் இங்க வந்தாரு. அஞ்சு வருசமா வராதவரு. நீங்க ஒக்காந்துட்டீங்கன்னா அடுத்த வாட்டி எதுக்கு வருவாரு?" சற்று நிறுத்தி, "ஓட்டு நான் அண்ணனுக்குத்தான் போடுவேன். அது வேற," என்றார்.

எழுந்த சிரிப்பில் பழைய உறுப்பினரும் கலந்துகொள்ள நேர்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், அப்ப குடுத்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்குவீங்களா என்று அவரையே கேட்டார். அத்தனை வாக்காளர்களின் முகத்துக்கு முன் எந்த அரசியலாளர்தான் ஆம் என்பார்? "குடுத்தது குடுத்ததுதாம்மா," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். ஸ்டெல்லா ஒதுங்கவில்லை.

அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கி, மறுநாள் பிற்பகல் வண்டியில் திரும்பினேன். முடிவு வந்து இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தேன். வென்றவர் அடுக்குமாடி முதலாளி. ஸ்டெல்லாவுக்கு வைப்புத்தொகை போயிற்று. பழைய உறுப்பினர் தோற்ற வாக்கு வேறுபாடோ, ஸ்டெல்லா பெற்ற வாக்குகளைவிடக் குறைவு. ஆறுதலுக்கு நான் அடுக்கிய சொற்களை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் தோத்ததுக்கு வருத்தமில்ல சார். அவரு தோத்துட்டாரே, அந்த வார்த்தைய இனி யார்கிட்டப் போய்க் கேக்கறது? முனிரத்னம் ரெண்டு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு."

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லாவே அழைத்தார். அளவு நாடாவோடு மாநகராட்சி ஆட்கள் வந்தார்களாம். அவர்கள் முதல் மரத்தை நெருங்கும் முன்பே தோற்றுப்போன பழைய உறுப்பினர் நூறு ஆட்களோடு வந்து வேர்மேல் அமர்ந்துவிட்டார். வென்றவரை எதிர்க்க அவருக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. அது தெருவிலேயே வேரூன்றி நின்றது. ஆட்களை ஏற்றி வந்த ஆட்டோக்களில் முதல் வண்டி முனிரத்னத்துடையது. நாடா சுருட்டப்பட்டது. வென்றவரும் மறுவாரமே, திட்டம் மறு ஆய்வில் இருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். ஓரிருக்கையும் வெல்லாத கட்சி, இரண்டு யானைகளை ஒரு தெருவின் மரங்களுக்காக வழிவிலக வைத்துவிட்டது. மாபெரும் வெற்றிகளுக்குக் குரல் கொடுத்தவன் நான். இதற்கிணையான ஒன்றை நான் கண்டதில்லை.

நீங்களும் போங்கள். பூக்களுக்கு ஏப்ரல், மே ஏற்றது. மாலை மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். ஐந்தரை மணிக்கே தெருவுக்குப் போய், ஓரமாக நின்று, இருள் கவியும்வரை மேலே பாருங்கள். வண்டிகள் விரையும் தெரு என்பதால் நடுவில் நிற்க வேண்டாம். எப்போது போகலாம் என்று கேட்டால், தள்ளிப்போட வேண்டாம் என்பேன். வென்றவரும் தோற்றவரும் ஒருவருக்கொருவர் அஞ்சும்வரை, அதாவது அடுத்த தேர்தல்வரை, மரங்கள் நிற்கும். அதற்கப்பால் எவரும் உறுதி தரவில்லை. அப்போதும் நிற்கப்போவதாகச் சொல்லியிருப்பவர் ஸ்டெல்லா ஒருவர்தான்.