தாமலில் இறங்கிய நாள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வாங்கிய புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. கல்யாண சீசனில் தலை நிமிர நேரம் இருக்காது. அதனால் அந்தப் பெண் வந்து நின்றதை நான் உடனே கவனிக்கவில்லை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் புடவை எதுவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. எப்போதோ புடவை கொடுத்தவளாக இருக்கும் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஊசி பிடித்திருந்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். தாமல் ஏரிக்கரையில் அன்றைக்கு நீங்கள் இல்லையென்றால் நானும் இல்லை, இவளும் இல்லை என்று சொல்லிக் குழந்தையைக் காட்டினாள்.

ஆள் மாறி வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தாமல் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேனே தவிர அங்கே இறங்கியதே இல்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாளாம். எதிர்க் கடையிலிருந்து பார்த்ததும் நான்தான் என்று தெரிந்துவிட்டதாம். மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. உட்காரச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போது அவள் வயிற்றில் இந்தக் குழந்தை. மாமியார் வீட்டில் சண்டை முற்றி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போகத் துணிச்சல் இல்லை. நல்ல மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிக் கிடந்தது. கரைமேல் ஏறி நடந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் ஒயர் கூடையோடு நின்றிருந்தாளாம்.

"அது நீங்கதான்க்கா. திரும்பிப் பாத்து, சாப்டியாமான்னு கேட்டீங்க."

அவள் அழுதிருக்கிறாள். நான் கூடையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து, கரைமேலேயே உட்காரவைத்து இட்லி கொடுத்தேனாம். அவள் வேண்டாம் என்றதற்கு நான் சொன்னதையும் அப்படியே சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்காரு, அவருக்குத்தான் எடுத்துக்கினு போறேன், பரவால்ல நீ துன்னு."

அதைக் கேட்டதும் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். நான் தினமும் விடிவதற்குள் சமைத்து, கூடையில் வைத்துப் பஸ் ஏறுவேன். அவர் எழுந்திருப்பாரா என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த மாதங்களைப் பற்றி இப்போது யோசித்தால் வார்டின் வாசனைதான் வருகிறது. யாரோடு என்ன பேசினேன், எப்படி வீடு திரும்பினேன், ஒன்றும் நினைவில்லை. ஆனால் அந்தக் கூடை என்னுடையது. அந்தப் பேச்சும் என்னுடையதுதான்.

பிறகு அவளைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு ஏற்றிவிட்டேனாம். பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேனாம். அம்மா வீட்டில் அடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. குழந்தை பிறந்த பிறகு புருஷனே வந்து அழைத்துப்போய், இப்போது தனிக்குடித்தனம்.

"நீங்க ஏன் வந்தேன்னு கேக்கலக்கா. பேருகூடக் கேக்கல. கேட்டிருந்தா நான் எழுந்து போயிருப்பேன்" என்றாள்.

அவள் போன பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. கட்டிய குஞ்சத்தையே மறுபடி அவிழ்த்தேன். ஒருத்திக்கு நல்லது செய்திருக்கிறேன், சந்தோஷம்தான் வரவேண்டும். வரவில்லை. அவள் வருவதற்கு முன்பே நான் அங்கே நின்றிருந்தேன் என்றாளே, அதுதான் குடைந்தது. தாமலில் எனக்கு யாரும் இல்லை. வேலூருக்கு டிக்கெட் எடுத்தவள் நடுவழியில் எதற்கு இறங்கினேன்? இறங்கியவள் எதற்குக் கரைமேல் ஏறினேன்?

வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டேன். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார், ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் என்றைக்காவது சாப்பாடு இல்லாமல் வந்தேனா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஒரு நாள் வந்தியே. மத்தியானம் தாண்டி வந்த. கேரியர் காலியா இருந்தது. பஸ் ரிப்பேர்னு சொன்ன."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"பொடவையெல்லாம் சேறு. ஆனா மொகம் தெளிவா இருந்தது. அதுக்கு முந்தி ஒரு வாரமா நீ என்னை நிமிந்துகூட பாக்கல. எதையாவது கேக்கப் போய் நீ மறுபடி அப்படி ஆயிட்டா இன்னா பண்றதுன்னு உட்டுட்டேன்."

ஒரு வாரம் நான் அப்படி இருந்தேன் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

குஞ்சம் கட்டப் புடவையோடு அவள் மறுபடி வந்தபோது, அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு போனோம். "இங்கதான்க்கா" என்று காட்டினாள். கருவேலமரம் ஒன்று, கீழே தண்ணீர், நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம். பார்த்தால் ஞாபகம் வரும் என்று நம்பிப் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் எதுக்கு இங்க வந்தேன்னு எனக்கே தெரியலமா. உனக்குக் குடுக்கத்தான் வந்தேன்னு நீ நெனச்சிக்கினு இருக்க. நீ வராம இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேனோ."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "அழுதுக்கினு வந்தது நான்தானேக்கா, நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். வந்தாள், அழுதாள், பசித்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இப்போது மாதத்துக்கு ஒருமுறையாவது கடைப்பக்கம் வருகிறாள். நன்றி சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அன்று தாமலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது குழந்தை அவளிடமிருந்து தாவி என் மடிக்கு வந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. காஞ்சிபுரத்தில் இறங்கும்வரை நான் காலை அசைக்கவில்லை.