குழிவிரியனைக் கொல்லாதவர்

கதவுக்குப் பலகை வாங்கத் திருவொற்றியூர் மர அறுவை ஆலைக்குச் சென்றபோது, அங்கு வேலைசெய்யும் அவரைக் கண்டேன். ஒடிசலான மேனி, இமைக்க மறந்தவை போன்ற கண்கள். சரக்குந்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு மரத்தின் பொந்தையும் இரும்புக் கம்பியால் தட்டி, செவிசாய்த்துக் கேட்ட பின்னரே பிறரைத் தொடவிடுவார். சென்ற மழைக்காலத்தில் அத்தகைய பொந்தில் கைவைத்த அவருடைய தம்பி, பாம்பு தீண்டி மாண்டாராம். மரத்தோடு வந்த பாம்பல்ல, ஏதோ சாக்கடைப் பாம்பு கடித்ததெனச் சொல்லி முதலாளி கைகழுவிவிட்டாராம்.

அன்று ஒரு பொந்திலிருந்து பச்சைக் குழிவிரியன் ஒன்று தலைநீட்டியது. அவர் அதைக் கம்பியின் வளைந்த முனையால் மெல்லத் தூக்கி, மூடியில் துளையிட்ட வாளிக்குள் இறக்கினார்.

"தம்பியைக் கொன்ற இனமாயிற்றே, ஏன் அடிக்கவில்லை?" என்றேன்.

"இன்னா நைனா, படிச்சவரு நீயே இப்டி கேக்குற? இது அழிஞ்சிகினு கீற பாம்பு. மரமே வெட்டக் கூடாத ஒரே ஒரு காட்லதான் கீதுன்னு பாரஸ்ட்டு ஆபீசரு சொன்னாரு. இத்த அடிச்சா பாம்புதான் பூடும். உசுரோட காட்டுனா, மரத்த எங்கேந்து திருட்னான்னு மொதலாளி சொல்லியாவணும்."

"மாமு, உன் வேலையும் பூடும்" என்றார் அருகில் நின்ற சுமைதூக்கி.

"போனா போவட்டும்டா!"

வாளியின்மேல் ஈரத்துணி போர்த்தி, அலுங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி அவர் வனத்துறை அலுவலகத்துக்குப் புறப்பட்டார். வஞ்சினம் இத்துணைப் பரிவோடு நடந்துசெல்லக் கூடுமென நான் அதுவரை அறிந்ததில்லை.