ஊற்றுக்கு மேலே அடித்த முளை

எங்கள் தேயிலைத் தோட்டத்தையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் சேர்த்து லுணுகலை டவுனுக்கு ரோடு வெட்டப் போகிறார்கள் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டாமே! ஆனால் ரோடு போகும் வழிக்கு அடையாளமாக அடித்த முளைக்குச்சிகளைப் பார்த்ததும் திக்கென்றது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பீலி வழியாகத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு நேர் மேலே அடித்திருந்தார்கள். மண் சரிந்து ஊற்று மூடினால் எதைக் குடிப்பது?

"கிராமத்துக்காரங்கதான் இப்படிக் கேட்டாங்க" என்றார் ரோட்டு ஓவசியர்.

கிராமத்துக்காரர்கள் முளையை இன்னும் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தினமும் ஊற்றடிக்குப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் அங்கே கிராமத்துப் பெண் ஒருத்தி குனிந்து நின்றாள்.

"முளையப் புடுங்கவா வந்தீங்க?" என்று கத்தினேன்.

அவள் தனக்குத் தெரிந்த தமிழில் என்னைவிட உரக்கக் கத்தினாள். "நீங்கதானே புடுங்க வந்தது? எங்க வயலுக்கும் இந்தத் தண்ணிதான். தோட்டத்து ஆளுங்க இப்படிக் கேட்டதுன்னு ஓவசியர் சொன்னது!"

இருவரும் முளைகளை அண்ணாந்து பார்த்தோம். அப்புறம்தான் கவனித்தேன். ரோடு ஊற்றுக்குக் கீழே போனால் பாறை உடைக்க வேண்டும். மேலே வெறும் மண். ஓவசியருக்கு வேலை சுலபம்.

மறுநாள் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக ஓவசியர் முன்னால் போய் நின்றதும் முளைகள் பாறைப் பக்கம் இறங்கின. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஓவசியர் சிரித்தார்.

இப்போது யாராவது "அவங்கதான் கேட்டாங்க" என்றால் நான் வாய் திறப்பதில்லை. நேரே போய் அவர்களையே கேட்டுவிடுகிறேன். அதற்குத்தான் ரோடு இருக்கிறதே!