சோறோ, புகையிலையோ

வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு வரி கூட்டிய அறிவித்தலை ஸ்கந்தபுரத்தில் ஒரு கடைவாசலில் ஒட்டியிருந்தார்கள். களை பிடுங்கப் போகும் பெண்களுக்கு அதை நான்தான் வாசித்துச் சொன்னேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இளம்பிள்ளைகள் பழகக்கூடாது என்பதற்காகவே இந்த வரி என்று அதில் இருந்தது. நல்ல விஷயம் என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் என் தங்கை புகையிலையைக் கடையில் வாங்கியவள் அல்ல.

அக்கராயன் குளத்துக்குக் கீழே இருந்த வயலில், காலைவேலை பாதியில் நிற்கும்போது பெண்களுக்குச் சோறும், பிறகு வெற்றிலை பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் கொடுப்பது வழக்கம். கூலியில் அது சேராது. பதினாறு வயதுத் தங்கை தன் துண்டை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வரி வந்த கிழமை, வயலுக்குச் சொந்தக்காரரான கமக்காரர் வரம்பில் நின்று சொன்னார்:

“இந்த விலைக்கு ரெண்டும் தர எனக்குக் கட்டாது. சோறோ, புகையிலையோ, ஒண்டைச் சொல்லுங்கோ.”

“சோறு வீட்லயும் ஆக்கலாங்க ஐயா. பொகையிலைக்கு எங்க போறது?” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். புகையிலை என்றே முடிவானது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இரவு மட்டும்தான் உலை வைத்தோம்.

அன்றிலிருந்து தங்கையும் போட்டாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது.

“துப்புடி. வாய் புண்ணாயிரும்.”

“வயிறு புண்ணாகாதா? நீ படிச்சவ, சொல்லேன்.”

ஓரிரு வருடங்களில் அவளுடைய கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு விரல் நுழையவில்லை. இது பழையபடி வராது, இனிப் புகையிலையைத் தொட்டால் இன்னும் மோசமாகும் என்றார் டாக்குத்தர்.

கமக்காரரிடம் நானே போனேன். அவருடைய தமிழிலேயே கேட்டேன்: “ஐயா, தங்கச்சிக்குப் புகையிலை வேண்டாம். சோறு குடுங்கோ.”

“ஓம் பிள்ளை. உன்ர தங்கச்சிக்கு நாளையிலயிருந்து சோறுதான்.”

சொன்னபடி கொடுத்தார். மறுநாள் நானும் வயலுக்குப் போயிருந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிய சோறு. தங்கை ஒரு கவளம் உருட்டினாள். அது வாய்க்குள் போகவில்லை. விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். உறைப்புப் பட்டதும் கண் கலங்கி நிறுத்திக்கொண்டாள்.

மற்றப் பெண்கள் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வயலில் இறங்கினார்கள். அவள் சோற்றை அம்மாவிடம் நீட்டிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் இறங்கினாள்.