பெரியம்மாவின் வலது கால்

தையல் ஆலையில் பெரியம்மாவுக்கு ஊஞ்சல் என்று பட்டப்பெயர். நடக்கும்போது உடம்பு வலப்பக்கம் சாய்ந்து நிமிரும். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபிக்கமாட்டாள். "ஏறி உக்காந்துடாத, கயிறு பழசு" என்பாள்.

பிறவியிலேயே அவளுடைய வலது இடுப்புக் குழி சரியாக அமையவில்லை. தொடையெலும்பின் உருண்டைத் தலை உட்காரவேண்டிய இடம் கிண்ணமாக இல்லாமல் தட்டையாக இருந்தது. உருண்டை நழுவி மேலேறி, இடுப்பெலும்பின் பக்கத்தில் தானே ஒரு பள்ளம் தேய்த்துத் தங்கிவிட்டது. கால் குட்டையானது. கைக்குழந்தையாக இருந்தபோதே பட்டை போட்டிருந்தால் சரியாகியிருக்குமாம். அவள் எழுந்து நடந்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள்.

தங்கையான என் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது, அக்காவுக்கு நடக்கவில்லை. பெரியம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாதான் மனசில் வைத்துக்கொண்டு மறுகுவாள். அப்பா இறந்தபிறகு நாங்கள் பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டோம். அவள் சம்பாதித்துத்தான் நான் படித்தேன்.

அவள் சட்டைக் காலர் தைப்பவள். காலர் முனை வந்ததும் மிஷினைச் சட்டென்று நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி ஓட்டவேண்டும். மிதிப்பது, விடுவது எல்லாம் வலது பாதத்தின் வேலை. இடுப்பு எவ்வளவு படுத்தினாலும் பாதம் மட்டும் அவள் சொல்பேச்சு கேட்டது.

ஐம்பதை நெருங்கும்போது வலி அவளைத் தூங்கவிடவில்லை. பஸ் படியில் காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் ஏறினாள். ஒருநாள் குளியலறையிலிருந்து வெளியே வர முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி எங்களுக்குப் புரியும்படி சொன்னார். மற்றவர்களுக்குச் செய்வதுபோல் இடுப்பு மாற்று ஆபரேஷனை இவளுக்குச் செய்ய முடியாது. புதுக் கிண்ணத்தைக் கீழே, இயற்கை குறித்த இடத்தில்தான் பொருத்தவேண்டும். அங்கே அதைத் தாங்க எலும்புக் கூரை இல்லை. அதனால் வெட்டியெடுக்கும் உருண்டை எலும்பையே வைத்து, திருகாணி போட்டுக் கூரை கட்டுவார்கள். இத்தனை வருஷம் மேலே இருந்த காலைக் கீழே இறக்கும்போது நரம்பு இழுபடும். அது அதிகமாகாமலிருக்கத் தொடையெலும்பில் ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள்.

அம்மா கேட்டாள், "ரெண்டு காலும் ஒரே அளவா வந்துடுமா டாக்டர்?"

"கொஞ்சம் குட்டையா விடறதுதான் நல்லதும்மா. நரம்பு தாங்கணும்."

"முடிஞ்ச வரைக்கும் சமமாக்கிடுங்க டாக்டர். இவ்வளவு நாள் பட்டுட்டா."

எப்போது வேலைக்குப் போகலாம் என்பதைத் தவிர பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஆபரேஷனன்று காலை கண் விழித்ததிலிருந்து தியேட்டர் கதவுவரை நான்தான் அவளோடு இருந்தேன். டாக்டர் முன்னமே உள்ளே போயிருந்தார். சாப்பிட்டியா என்று என்னைக் கேட்டாள், கேஸ் சிலிண்டரை மூடினியா என்று கேட்டாள். வேறு யாரிடமும் எதுவும் பேசவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் டாக்டர் கட்டில் ஓரம் நின்று பாதத்தை மேலே தூக்கச் சொன்னார்.

"தூக்கிட்டேனே" என்றாள் பெரியம்மா.

போர்வை அசையவில்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எலும்பைத் திட்டமிட்டபடி குறைத்தோம், அளவுக்கு மேல் இழுக்கவில்லை, அப்படியும் சிலருக்கு நரம்பு செயலிழந்துவிடுகிறது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பாதம் தொங்காமலிருக்க பிளாஸ்டிக் பட்டை ஒன்று கொடுத்தார்கள். அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை. வார்டுக்கு வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். நான் கேட்டதால்தான், நான் கேட்டதால்தான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்துப் பெரியம்மா ஆலைக்குப் போனாள். பட்டையோடு பெடலை மிதிக்க முடியவில்லை. கழற்றிவிட்டால் மிதிக்க முடிந்தது, தூக்க முடியவில்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் ஊசி நிற்காமல் முனையைத் தாண்டி ஓடியது. இடது காலுக்குப் பழகப் பார்த்தாள், காலர்கள் கோணிக்கொண்டன. கடைசியில் சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி அவளைப் பொத்தான் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார். அவளுடைய மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. பெரியம்மா நடக்கும்போதெல்லாம் பின்னாலேயே போய் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீ கேட்டதால இல்லடி. ஆபரேஷனன்னிக்குக் காலைல நானே டாக்டர்கிட்ட சொன்னேன், எப்படியாவது சமமாக்கிடுங்கன்னு. எனக்கும் ஆசை இருக்காதா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா அக்கா?"

"நிஜமாத்தான்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தியேட்டர் கதவுவரை அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றிரவு அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு கால் கட்டைவிரல் லேசாக மேலெழும்பியது. அதோடு நின்றுவிட்டது. இடுப்பு வலி அடியோடு போய்விட்டது, அதைப் பெரியம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

போன மாதம் வாசற்படியில் பாதம் இடறி விழுந்தாள். அம்மாதான் தூக்கிவிட்டாள். அக்காவின் முழங்கையைத் துடைத்துவிட்டுக்கொண்டே, பயத்திலோ அலுப்பிலோ, "உனக்கு எதுக்கு அந்த ஆசை? நீ கேட்காம இருந்திருந்தா இந்தக் கதி வருமா?" என்று கத்தினாள்.

பெரியம்மா என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஆமாடி, தப்புதான்" என்று சொல்லிவிட்டு, கழன்ற பட்டையை எடுத்துக் காலில் மாட்டத் தொடங்கினாள்.