மார்க் போடும் பெட்டி

அந்தப் பெட்டியைக் கட்டியது நான்தான். அந்தப் பெருமைக்கு இன்றுவரை வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் லேப் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பிராக்டிகல் பரீட்சையில் ஆளைப் பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். மல்லேஸ்வரத்து வக்கீல் மகனுக்கு ஒரு கணக்கு, ஒக்கலிபுரத்து ரயில்வே கலாசி மகனுக்கு ஒரு கணக்கு. இனி மெஷின்தான் மார்க் போட வேண்டும் என்று ப்ரொபசரை நச்சரித்து அனுமதி வாங்கினேன். மெஷின் போட்ட மார்க்கை எந்த மனுஷனும் மாற்றக் கூடாது என்று ஒரு விதியும் எழுதிக் கொடுத்தேன்.

மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் வாங்கிய டிரான்ஸ்பார்மர், பழைய டெலிபோன் ரிலேக்கள், ஒரு கடிகாரம், எல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள். உள்ளே சர்க்யூட்டில் நான் ஒரு ஃபால்ட் வைப்பேன். மாணவன் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து, அதற்குரிய, கரண்ட் பாயாத பேக்கலைட் பட்டனை அழுத்த வேண்டும். சரியென்றால் பச்சை விளக்கு. தப்பென்றால் மணியடித்து மார்க் குறையும். தாமதித்தாலும் மார்க் காட்டும் முள் இறங்கிக்கொண்டே போகும். வீட்டில் என் மனைவியிடம் இதை விளக்கினேன். அவள் சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

பரீட்சையன்று பெட்டியை மாடி ஹாலுக்குத் தூக்கிப் போனோம். அங்கே இரண்டு பின் பாயின்ட்தான் இருந்தது. மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் மாட்டினேன். கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயர் மிஞ்சியது. அதை அழகாகச் சுருட்டி டேப் சுற்றி வைத்தேன். இதைச் செய்தவனுக்குச் சம்பளம் கொடுத்தது எலெக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்.

காலையில் பையன்கள் பட்டனை அழுத்தித் தள்ளினார்கள். பச்சையும் மணியுமாகக் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த எக்ஸாமினர் தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முனுசாமி வந்தான். நான் சொன்ன கலாசி மகன் அவன்தான். ஒரு பவர் ஹவுஸில் வேலை தயாராக இருந்தது. இந்த பிராக்டிகலில் தேறினால்தான் கிடைக்கும். உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் முனையைப் பெட்டியின் மேல் வைத்தான், டெஸ்டருக்குள் குட்டி விளக்கு எரிந்தது. அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். முள் இறங்கி இறங்கி சைபருக்கு வந்தது.

ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"பாடி லைவா இருக்கு சார். எர்த் குடுங்க, அப்புறம் தொடறேன்."

பெட்டியின் இரும்பிலேயே கரண்ட் வருகிறது என்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து ஒருத்தனும் சொல்லாத குறையை இவன் சொல்வதா? பயந்தாங்கொள்ளிக்குப் பவர் ஹவுஸ் எதற்கு என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிளக்கைப் பிடுங்கியது முனுசாமி. நான் ஸ்டூலோடு கீழே கிடந்தேன். உயிரோடு இருக்கிறேனா என்று ப்ரொபசர் கன்னடத்தில் விசாரித்தார். எக்ஸாமினர் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தார்.

"மெஷின் சைபர் போட்டிருக்கு. மாத்தக் கூடாதுன்னு ரூல் வேற இருக்காமே. யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, இந்தப் பையனை என்ன செய்யலாம்?"

ரூலை எடுத்துவிடலாம் என்றேன். குரலில் பணிவு தானாக வந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து ஒயர் இழுத்து எர்த் கொடுத்தோம். முனுசாமி மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மூன்று இடத்தில் மீட்டரை வைத்தான், ஒரே பட்டனை அழுத்தினான், பச்சை எரிந்தது. எக்ஸாமினர் குறிப்பில் எழுதினார்: மாணவர் தேறினார், இயந்திரம் மறுபடி எழுத வேண்டும்.

முள் இறங்குவது தெரிந்தும், வேலை போய்விடுமே என்று தெரிந்தும், ஏன் டெஸ்டரோடு மெனக்கெட்டாய் என்று சாயங்காலம் அவனைக் கேட்டேன்.

"முதல் வருஷம் நீங்கதானே சார் சொன்னீங்க, எந்தப் பெட்டியா இருந்தாலும் டெஸ்ட் பண்ணாம தொடாதேன்னு."

நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்று ஒருத்தன் மனதில் நின்றிருந்தது. அதற்கு மார்க்கைக் குறைக்க ஒரு மெஷின் கட்டியவனும் நான்தான்.