யாரென்று சொல்லாத அக்கா

பாடநூல்களின் கலைச்சொற்களுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. ஒரு பொருள் என்னவென்று முதலில் சொல்லுங்கள், கூடுதல் தகவல் அப்புறம் என்று எல்லோரிடமும் சண்டை பிடிப்பேன்.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெரிப் படகில், தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஓர் அக்கா, பக்கத்திலிருந்த முதியவரின் சட்டைக் காலரை ஓயாமல் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இவரு யாருக்கா?” என்றேன்.

“சன்னல் ஓரமா உட்காந்தாதான் இவருக்குத் தலை சுத்தாது தம்பி. தேத்தண்ணில சீனி போட்டா தொடமாட்டாரு.”

“அதில்லக்கா, உங்களுக்கு என்ன முறை?”

“அதான் சொல்றேன்லா! ஃபெரி ஆடுனா கையப் புடிச்சுக்கணும்.”

முதியவர் சிரித்தார். கரை வந்ததும் இருவரும் இறங்கிப் போனார்கள்.

அந்த முதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மறுபடி ஃபெரியில் அவரைத் தனியாகக் கண்டால், சன்னலோர இடத்தை அவருக்கு விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன்.